கப்பல் பெருமையும் கையில் ஒட்டிய பசையும்

எங்கள் போர்டிங் அறை மேசையில் ஒரு கப்பல் கிடக்கிறது. கப்பல் என்று நாங்கள் சொன்னால்தான் மற்றவர்களுக்கு விளங்கும். அடி முறுகி, அணியம் இடப்பக்கம் திரும்பி, நசிந்த வாழைப்பொத்தி மாதிரி இருக்கும். ஆனாலும் எறிய மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

போன செமஸ்டர் விடுமுறையில், கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர் மரத்தில் மாதிரிக் கப்பல் செய்யப் பழகுவோம் என்று வெளிக்கிட்டோம். எடுத்த எடுப்பிலேயே அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் வாங்கி, தன் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அது 1938 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நீளம் 89 அடி. 1:48 அளவில் செய்தால் ஏறக்குறைய 22 அங்குலம். மேசையில் வைக்கிற சாமான்தானே, என்ன பெரிய வேலை என்று நினைத்தோம்.

அன்னபூரணியின் வரைபடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைப் போன்ற இருபாய்மரக் கப்பலொன்றின் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டோம். மரக்காலையில் மெல்லிய சிலாகைகள் சீவித் தந்தார்கள். முதலில் ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பு. அதற்குக் குறுக்கே வங்குகள், அதன் விலா எலும்புகள். அதுவரை எல்லாம் சரி. பிறகு பலகை ஒட்டத் தொடங்கினோம். தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, பசை தடவி, உடுப்புக் கொடியில் போடுகிற கிளிப்பால் பிடித்தோம். உற்சாகத்தில் ஒரே இரவில் இடப்பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்தோம். விடியப் பார்த்தால் பசை காய்ந்து, ஏரா முறுகிக் கிடந்தது.

முறுகின கப்பலைப் பையில் போட்டுக்கொண்டு மரக்காலைக்கே போனோம். அங்கே வேலை செய்கிற வயதான ஐயா ஒருவர் இளமையில் மர வள்ளம் கட்டியவராம். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒரு பக்கத்தை மட்டும் அடிச்சுக்கொண்டு போனா ஏரா முறுகாமல் என்ன செய்யும்? இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு எண்டு மாறி மாறிப் போகவேணும், பிள்ளையள்.”

இன்னொன்றும் காட்டினார். அணியத்துக்குக் கிட்டப் போகப்போக வங்கின் சுற்றளவு குறையும். அதனால் பலகையையும் ஒடுக்கிச் சீவவேண்டும். ஒரே அகலத்தில் ஒட்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எங்களுடையது ஏறித்தான் இருந்தது. “இதெல்லாம் எங்க ஐயா படிச்சனீங்கள்?” என்று கேட்டோம். “படிக்கிறதோ? கையில வாறது” என்றார். பிறகு, “இப்ப எல்லாம் பைபர். இதை ஆர் கேக்கினம்?” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அன்று பின்னேரம் எங்களில் ஒருத்தியின் வீட்டில் பெரியம்மா கேட்டா: “கம்பஸ் படிக்கிற பிள்ளையளுக்கு ஏன் தச்சு வேலை?”

எங்கள் பிரச்சினை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அன்னபூரணி அமெரிக்கா போனதை நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்கிறோம். ஆனால் அதைக் கட்டிய மாதிரியான கைகளைச் சாதியாலும் படிப்பாலும் கீழே வைத்துத்தான் பார்க்கிறோம். உளி பிடிப்பது ‘படிக்காதவர்களின்’ வேலை, எழுதுவது நமது வேலை என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். கப்பல் மட்டும் ‘தமிழரின் சாதனை’. ஓடாவியின் பிள்ளை ஓடாவியாக இருக்க விரும்பாமல் போனதற்கு பைபர் படகு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறோம்.

நாலு மாணவர் பொம்மைக் கப்பல் செய்தால் இது மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். மாறாது. எங்களுக்கு இது பொழுதுபோக்கு, அவருக்கு அது சீவியம். இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அதுவும் பொய்தான். ஆனால் ஒரு பலகையை மூன்று தரம் முறித்த பிறகு, கரையில் ஏற்றிவைத்த பழைய வள்ளத்தைக் கடந்துபோக எங்களால் முடியவில்லை. பலகை எங்கே ஒடுங்குகிறது, எங்கே மூட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்கிறோம். ‘கையில் வருவது’ என்று அவர் சொன்னதும் ஓர் அறிவு என்று எங்கள் கையே சொல்லித் தந்தது. ஏரா, வங்கு, அணியம் என்ற சொற்கள் அதனோடு வந்தவை. களப்பயணம் போய்ப் பேட்டி எடுக்கப் பழகிய கலைப்பீடத்துப் பிள்ளைகள், இருக்கிற ஓடாவிமாரிடம் போய் இவற்றைப் பதிவுசெய்யலாம். அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்குக் காசும் கொடுக்கவேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு புத்தி. எங்களைப் போலப் பெரிய கப்பலில் கை வைக்காதீர்கள். நாங்கள் இப்போது ‘டோரி’ ஒன்று செய்கிறோம். குளோஸ்டர் மீனவர்கள் தங்கள் பாய்க்கப்பல்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோன தட்டை அடி வள்ளம் அது. பலகையும் குறைவு, வளைவும் குறைவு. அன்னபூரணி போய்ச் சேர்ந்த ஊரின் வள்ளத்தில் பழகிவிட்டு, பிறகு அன்னபூரணிக்கு வருவோம்.

இன்றைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று ஒட்டியிருக்கிறோம். காய விட்டிருக்கிறோம். முடிந்ததும் அந்த ஐயாவிடம்தான் முதலில் கொண்டுபோவோம்.