வழக்குத் தலைப்பில் இல்லாத பெயர்

சென்னையை அடுத்த நூம்பல் பக்கம் பழைய பத்திரக் கட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில் நில எடுப்பு வழக்கின் தீர்ப்பு நகல் ஒன்று கிடைத்தால் ஆச்சரியமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் பைபாஸுக்கும் வயல் போன கதை அரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. அப்படியொரு நகல் கிடைத்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள். மேலே நிலத்துக்காரர் பெயர் இருக்கும். கீழே ‘தனி வட்டாட்சியர் (நில எடுப்பு)’. நிலம் யாருக்குப் போனது, பணம் யார் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்பது பல நகல்களில் இருக்காது.

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வளர்ப்பு அது. யாருக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்த உள்ளாட்சி அமைப்போ கம்பெனியோ இழப்பீடு பற்றிச் சாட்சியம் சொல்லலாம் என்றது 50-ஆவது பிரிவு. ஆனால் தொகை அதிகம் என்று சொல்லி விவகாரத்தை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்ல முடியாது. திண்ணை வரை வரலாம், உள்ளே வரக்கூடாது என்கிற கதை. நோட்டீஸும் போகாமல், சப் கோர்ட் சென்ட் விலையை உயர்த்திய பிறகே சேதி தெரிந்துகொண்ட நிறுவனங்கள் உண்டு.

முடிச்சை அவிழ்த்தது உச்ச நீதிமன்றம். உத்தரப்பிரதேச வீட்டுவசதி வாரியத்துக்கும் ஞான் தேவிக்கும் இடையிலான வழக்கில், 1994-இல், அரசியல் சாசன அமர்வு வாரியத்தின் பக்கம் நின்றது. அதே காலத்தையொட்டி நம் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் வழக்கும் வந்தது. சுரங்கத்துக்காக எடுத்த நிலத்துக்குப் பணம் கட்டவேண்டிய நிறுவனமும் வழக்கில் அக்கறையுள்ள தரப்புதான் என்று முடிவானது. கீழ்க்கோர்ட்டில் தரப்பாக இருந்து, முடிவில் அக்கறையும் உள்ளவர் அப்பீலில் விடுபட்டிருந்தால், விசாரணையை ஒத்திவைத்து அவரைச் சேர்க்கலாம் என்று 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இங்கிலாந்திலோ அரசு முடிவை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகிறவர், அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கும் மனுவை ஆரம்பத்திலேயே சார்வு செய்தாக வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு சரியானதே. பணம் கட்டுகிறவரைக் கேட்காமல் கணக்கு முடிப்பது முறையல்ல. என் மனத்தாங்கல் நேரத்தைப் பற்றியது. விடுபட்ட நிறுவனம் ஹைகோர்ட்டில் வந்து, தன்னையும் சேர்க்கச் சொல்லி இம்ப்ளீட் மனு போட்டால், வழக்கு மறுபடி கீழே இறங்கக்கூடும். உயர்த்திய தொகைக்கு முதல் ஆண்டு 9, பிறகு 15 சதவீத வட்டி ஓடும், மறுக்கவில்லை. அதை வாங்க ஆள் இருக்கவேண்டுமே! பல வழக்குகளில் வாரிசுகள்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், நிலம் கேட்கும் நிறுவனமே 60 நாளில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தது: குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுதவர், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர் எல்லோரையும் அக்கறையுள்ளவர் பட்டியலில் சேர்த்தது. நெய்வேலி நிறுவனத்துக்குக் கதவு திறக்க நூறு ஆண்டு ஆனது என்றால், களத்துமேட்டில் நின்றவருக்கு இன்னும் இருபது ஆண்டு கூடுதலாக ஆனது.

உங்கள் நிலத்துக்கு நோட்டீஸ் வந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால், முதல் வாய்தாவிலேயே வக்கீலிடம் ஒன்று கேளுங்கள்: பணம் கட்டப்போகிறவர் பெயர் எதிர்மனுதாரர் வரிசையில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே சேர்க்கச் சொல்லுங்கள்.