பணம் போடுபவர் மட்டுமே கேள்வி கேட்கலாமா?

2025 ஜூலை மாதத்தில் டெல்லியிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. தனியார் துறையின் ஆராய்ச்சிக்கு வட்டியில்லாமலோ குறைந்த வட்டியிலோ கடன் கொடுக்க 1 லட்சம் கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது ஒன்று. வெளிநாட்டில் படிக்கத் தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான பட்டியலின, சீர்மரபு, நிலமற்ற கூலிக் குடும்பப் பிள்ளைகள் 106 பேரில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றது இன்னொன்று. முதல் செய்திக்கு, தொழில் நகரமான கோவையில் வரவேற்புக்குப் பஞ்சமிருக்காது. நாம் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்கான பணம் வரும் வழி மாறிக்கொண்டிருக்கிறது. 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியபோது, ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்றது ஒன்றிய அரசு. அதில் 36,000 கோடி பட்ஜெட்டுக்கு வெளியே, தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் உள்ளிட்டோரிடமிருந்து வரும் என்பது மதிப்பீடு. நூறு ரூபாயில் 72 ரூபாய்!

கோவைக்கு இது புதிதல்ல. மில்களும் அரசும் சேர்ந்து நடத்தும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் (சிட்ரா) 1956-இலேயே இங்கு வந்துவிட்டது. தொழிலும் ஆய்வும் கைகோப்பதை நாம் எதிர்க்கவில்லை. அந்தக் கைகோப்பில் நமக்கு இடம் உண்டா என்பதுதான் நம் கேள்வி.

வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. 2005-இல் அது மஹிகோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 ஆகிய நம் கத்தரி ரகங்களில் பி.டி. மரபணுவைச் சேர்க்க முனைந்தது. ரகங்கள் பொதுச் சொத்து, மரபணுத் தொழில்நுட்பம் நிறுவனத்தினுடையது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2010 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பி.டி. கத்தரிக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் பேசியது, விஞ்ஞானிகள் பேசினார்கள், விவசாய சங்கங்கள் பேசின. முதுகில் டேங்க்கைச் சுமந்து மருந்தடிக்கும் கூலியாளின் குரல்தான் அரிதாகக் கேட்டது. கொங்கு மண்டலத்தில் அந்தக் கூலியாள் பெரும்பாலும் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தால் கல்லூரிக்குள் நுழைந்த முதல் தலைமுறை, இப்போது முனைவர் பட்ட ஆய்வின் வாசலில் நிற்கிறது.

சிக்கல் அங்கேதான். ஆய்வு மாணவராகச் சேர இடஒதுக்கீடு உண்டு. நிறுவனம் பணம் போடும் திட்டத்தில் திட்ட உதவியாளராகச் சேர்வது வேறு கதை. அது தற்காலிக வேலை. பெரும்பாலும் பேராசிரியரும் ஒரு சிறு குழுவும் ஆள் எடுக்கிறார்கள். இனச் சுழற்சி முறை அங்கே எட்டிப்பார்ப்பது அபூர்வம். ஊர், உறவு, பழைய மாணவர் சங்கம் என்று அறிமுகம் உள்ளவருக்குக் கதவு திறக்கும். மில் கூலியின் மகளுக்கு யாரைத் தெரியும்?

அவளுக்கு மிஞ்சுவது அரசு உதவித்தொகை. ஒன்றிய அரசின் ஃபெல்லோஷிப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்பது ஆய்வு மாணவர்களின் தீராத புகார். கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம், அதாவது மாதம் சுமார் 8,300 ரூபாய். விடுதிக் கட்டணம் போக ரசாயனம் வாங்க என்ன மிஞ்சும்?

இழப்பு நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. நாட்டுக்கே மோட்டார் பம்ப் செய்து கொடுக்கும் ஊர் இது. ஆனால் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்காமலிருக்க உதவும் 'பேண்டிகூட்' ரோபோ 2018-இல் வந்தது கேரளத்திலிருந்து, அந்த மாநில அரசின் ஆதரவோடு. குழியில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறக்காமலிருக்கும் வழியைத் தேடப் பணம் போடுவது யார்? நூல் அறுபடாமல் ஓட ஆராய்ச்சி செய்தால் மில்லுக்கு லாபம், பணம் வரும். பஞ்சுத் தூசியில் அறுபடும் நுரையீரலைப் பற்றி ஆராய லாபக் கணக்கு பார்ப்பவர் ஏன் முன்வர வேண்டும்? இந்தக் கேள்விகளோடு ஆய்வகத்துக்குள் வரக்கூடியவர்கள், அந்த வேலையைப் பார்த்த வீட்டில் பிறந்தவர்கள்தான்.

எனவே நாம் கேட்பது நான்கு. அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டடம், மின்சாரம், பேராசிரியரைப் பயன்படுத்தும் எந்தத் தனியார் திட்டமானாலும், ஆளெடுப்பில் இனச் சுழற்சி முறை கட்டாயமாக வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். தனியார் தரும் நிதியில் ஒரு பங்கைப் பொது நிதியாக ஒதுக்கி, தூய்மைப் பணியாளர், பண்ணைக் கூலிகள், மில் தொழிலாளர் முன்வைக்கும் சிக்கல்களை ஆராய வேண்டும். உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும்.

ஒரு லட்சம் கோடிக்கு வழி கண்டுபிடித்த அரசுக்கு, மீதமிருந்த 66 பிள்ளைகளுக்கு உடனே கடிதம் கொடுக்க மனம் வராதது ஏன்? இதைக் கோவையின் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் கேட்போம்.