வென்றால் வீரர்கள், தோற்றால் காலித் ஜமீல்?

2025 செப்டம்பர் 8 அன்று தஜிகிஸ்தானின் ஹிசோர் நகரில் இந்தியக் கால்பந்து அணி ஓமனைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று, மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. ஓமன் அணியை இந்தியா வென்றது அதுவே முதல்முறை. கடைசிப் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சாந்துவைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். 36 நாட்கள் கழித்து, அக்டோபர் 14 அன்று, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இந்தியா சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. அன்றிரவு எல்லோரும் தேடிய பெயர் ஒன்றுதான்: தலைமைப் பயிற்சியாளர் காலித் ஜமீல்.

பயிற்சியாளர் வேலையே அப்படித்தான், உலகம் முழுவதும் இதே கதைதான் என்று சொல்லி இதைக் கடந்து போகலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் ஜமீலின் கடந்த பத்து ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் இது வழக்கமான கதையை விடக் கொஞ்சம் கனமானது என்பது தெரியும்.

1977இல் குவைத்தில் பிறந்தவர் ஜமீல். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா அணிகளில் நடுக்கள வீரராக ஆடினார். 2009இல் மும்பை எஃப்சியின் பயிற்சியாளர் ஆனார். ஏழு ஆண்டுகள் அந்த அணியை ஐ-லீக்கில் தாக்குப்பிடிக்க வைத்தார். கோப்பை எதுவும் இல்லை. ஆனால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவும் இல்லை. 2016இல் அவர்கள் வழிகள் பிரிந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய வியப்புகளில் ஒன்று. மிசோரத்தின் ஐஸ்வால் எஃப்சி 2015-16 பருவத்தில் தரவரிசையின் அடியில் சிக்கிக் கீழிறக்கப்பட்ட அணி. கோவாவின் கிளப்புகள் லீக்கிலிருந்து விலகியதால்தான் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. பெரிய பணமில்லை, பெரிய நட்சத்திரங்களும் இல்லை. ஜமீல் மும்பையிலிருந்து ஜெயேஷ் ராணே, ஆசுதோஷ் மேத்தா போன்ற தனக்குத் தெரிந்த பையன்களை அழைத்துக்கொண்டு மலையேறினார். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தைப் பார்த்துக்கொண்டார். அவர்களோடு உள்ளூர் மிசோ இளைஞர்கள் பலர்.

2017 ஏப்ரல் 22 அன்று மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில், லஜோங் அணியிடம் பின்தங்கியிருந்து 1-1 என்று சமன் செய்தார்கள். ஐஸ்வால் 37 புள்ளிகள், மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக்கின் முதல் பட்டத்தை வென்றது. ஊடகங்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியோடு ஒப்பிட்டு எழுதின.

லெஸ்டரின் பயிற்சியாளர் ரானியேரிக்கு அந்த ஆண்டு ஃபிஃபாவின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. ஐஸ்வாலின் பயிற்சியாளருக்குக் கிடைத்தது கொல்கத்தாவில் ஒரு வேலை. ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. ஒரு பருவம், நான்காம் இடம், வெளியே. 2019 தொடக்கத்தில் மோகன் பகான் அழைத்தது. பருவத்தின் நடுவில் வந்தார், பருவம் முடிந்ததும் போனார். அவருக்குப் பின் வந்தவர் ஸ்பெயின்காரர் கிபு விக்குன்யா. ஐஸ்வாலின் வெற்றி "மிசோ இளைஞர்களின் வேகம்" என்று ஆனது, "அந்த ஆண்டின் அதிசயம்" என்று ஆனது. அதிசயம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் யார் திட்டம் போட்டார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். 2018-19 ஐ-லீக்கை வென்றது கோவையைத் தாய்மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி. 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. அதே ஒரு புள்ளி வித்தியாசம்தான். அதன் பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். 21 கோல்கள் அடித்த ஸ்பெயின் வீரர் பெத்ரோ மன்ஸியைப் பலருக்கு நினைவிருக்கும். நவாஸின் பெயரைத் தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஜமீலுக்கு வருவோம். 2021 ஜனவரியில் ஐஎஸ்எல் அணியான நார்த்ஈஸ்ட் யுனைடெட் தன் ஸ்பானியப் பயிற்சியாளர் ஜெரார்ட் நுஸை நீக்கியபோது 11 ஆட்டங்களில் 12 புள்ளிகள் எடுத்திருந்தது. "இடைக்கால" என்ற அடைமொழியோடு ஜமீலிடம் அணி வந்தது. மீதமிருந்த ஒன்பது லீக் ஆட்டங்களில் ஆறு வெற்றி, மூன்று சமன், ஒரு தோல்வியும் இல்லை. மொத்தம் 33 புள்ளிகளோடு மூன்றாம் இடம். ஐஎஸ்எல் பிளே-ஆஃப்புக்கு ஓர் அணியைக் கொண்டுசென்ற முதல் இந்தியப் பயிற்சியாளர் அவர்தான். பெரும்பாலும் அதே வீரர்கள், அதே மைதானம்; மாறியவற்றில் முக்கியமானது பயிற்சியாளர். ஒருவரின் உழைப்பை அளக்க இதைவிடத் துல்லியமான சோதனை கால்பந்தில் அரிது.

அடுத்த பருவத்தில் அவரை நிரந்தரமாக நியமித்தார்கள். அணி 11இல் 10ஆம் இடம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது மோசமான பருவம்தான். ஆனால் அதன் பிறகு ஐஎஸ்எல் பக்கமே அவர் திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. இந்த லீக்கில் அடுத்தடுத்து தோற்ற வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு அடுத்த வாய்ப்பு எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

2023 டிசம்பர் இறுதியில் ஜாம்ஷெட்பூர் அவரை அழைத்தது. அதுவும் பருவத்தின் நடுவில், தடுமாறிக்கொண்டிருந்த அணி, ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஸ்காட் கூப்பர் விட்டுச்சென்ற இடம். 2024-25இல் அந்த அணி 38 புள்ளிகளோடு ஐந்தாம் இடம் பிடித்து அரையிறுதி வரை சென்றது. மோகன் பகானிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 2-3 என்றுதான் தோற்றது. சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை வந்து கோவாவிடம் 0-3 என்று வீழ்ந்தது. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளிலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த ஆண் அணிப் பயிற்சியாளர் விருது அவருக்கே. ஆக, பாராட்டே இல்லை என்று சொல்ல முடியாது. விருது கொடுத்தார்கள். பொறுமையைத்தான் கொடுக்கவில்லை.

அவரது ஆட்டமுறையும் இதற்கு ஒரு காரணம். பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டு, தற்காப்பை நெருக்கமாகக் கட்டி, நீண்ட பாஸ், எதிர்த்தாக்குதல், கார்னர், நீண்ட த்ரோ-இன் என்று கோல் தேடுவது அவர் பாணி. பார்க்க அழகாக இருக்காது. "பயந்த ஆட்டம்" என்கிறார்கள் ரசிகர்கள். கையிலிருக்கும் வீரர்களின் அளவறிந்து போடப்பட்ட கணக்கு என்பதே என் கருத்து. வரவு குறைந்த வீட்டில் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் குடும்பத் தலைவியை யாரும் கஞ்சம் என்று சொல்வதில்லையே. போதாக்குறைக்கு, ஜமீல் பேசுவதும் குறைவு. செய்தியாளர் சந்திப்பில் இரண்டு வரியில் முடித்துக்கொள்வார். வெற்றியில் வீரர்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

2025 ஆகஸ்ட் 1 அன்று அவர் தேசிய அணிக்கு நியமிக்கப்பட்டார். 2011-12இல் பொறுப்பிலிருந்த சவியோ மெதெய்ராவுக்குப் பிறகு ஓர் இந்தியரிடம் முழுப் பொறுப்பு வந்தது இப்போதுதான். சுமார் 170 விண்ணப்பங்கள். இறுதிப் பட்டியலில் அவரோடு இருந்தவர்கள் முன்பே இந்தியாவுக்குப் பயிற்சி அளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச்சும். இதற்கிடையே பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் ஸாவி விண்ணப்பித்திருக்கிறார் என்று ஒரு பரபரப்பு. கடைசியில் அந்த மின்னஞ்சல் போலி என்று தெரிந்தது. நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்று இரண்டு முறை விருது பெற்றவரைவிட ஒரு போலி மின்னஞ்சல் அதிக நேரம் விவாதிக்கப்பட்டது!

அவர் கைக்கு வந்த அணி எப்படி இருந்தது? முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸின் கீழ் எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு கோலின்றிச் சமன், ஹாங்காங்கிடம் 0-1 தோல்வி. இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளி. குழுவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே தகுதி பெறும். ஜூலையில் ஐஎஸ்எல் ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. தஜிகிஸ்தான் தொடருக்குச் சுமார் இரண்டு வாரப் பயிற்சி. ஃபிஃபா நாட்காட்டிக்கு வெளியே ஆட்டங்கள் தொடங்குகின்றன என்று மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை. அந்த நிலையில்தான் தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்றதும், ஓமனை வீழ்த்தியதும். ஈரானிடம் 0-3 தோல்வி, ஆப்கானிஸ்தானோடு கோலின்றிச் சமன் என்பதும் அதே கணக்கில் உண்டு.

சிங்கப்பூர் ஆட்டங்களில் ஜமீல் தவறவே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். முதல் ஆட்டத்தில் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்று பத்துப் பேராகச் சுருங்கிய பிறகும், 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலியின் கோலால் 1-1 என்று தப்பித்தது நல்ல போராட்டம். ஆனால் கோவாவில் 14ஆவது நிமிடத்திலேயே சாங்தே கோலடித்து முன்னிலை தந்தபின், அணி பின்வாங்கி ஆடிக் கட்டுப்பாட்டை இழந்தது. தஜிகிஸ்தானுக்கு அழைத்துச்செல்லாத 41 வயது சுனில் சேத்ரியை மீண்டும் வரவழைத்ததும் விமர்சனத்துக்கு உள்ளானது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது இன்னும் வலித்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களிடம் இந்தியா கண்ட தோல்வி அது.

ஆனால் சேத்ரியை ஏன் அழைக்க வேண்டி வந்தது? ஐஎஸ்எல் கிளப்புகள் முன்கள இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துப் பழகிவிட்டன. இந்திய இளைஞர் ஒருவர் மையத் தாக்குதல் வீரராக வாரந்தோறும் ஆடி வளர இடமே இல்லை. ஆண்டுக் கணக்கில் உருவான இந்தப் பற்றாக்குறைக்கு இரண்டரை மாதம் பதவியில் இருந்தவரைப் பொறுப்பாக்குவது சரியான கணக்கல்ல. லீக்கே நடக்காத நாட்டின் வீரர்களை வைத்துக்கொண்டு தகுதிச் சுற்று ஆடியவர் அவர்.

நம் வீடுகளில் ஜமீலின் பெயரைக் கேட்டவுடன் ஒரு மகிழ்ச்சி வருவது இயல்பு. அவருடைய பெயருக்காக நாம் அவரைப் புகழ்ந்தால், அதே பெயருக்காக அவரைப் பழிப்பவர்களிடம் பேச நமக்கு எதுவும் இருக்காது. ஐஸ்வால், ஒன்பது ஆட்டங்கள், ஜாம்ஷெட்பூர் ஆகிய மூன்றையும் வைத்துப் பேசினால் போதும்.

இந்தியக் கால்பந்து இந்த நிலையை ஒருமுறை வேறு மாதிரிக் கையாண்டிருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் 1951 ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. பத்து கோல்கள்! இன்றைய சூழலில் அந்தப் பயிற்சியாளர் ஊர் திரும்பும் முன்பே வேலை போயிருக்கும். ஆனால் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அதே ரஹீமிடம் அணியைக் கொடுத்தார்கள். 1956இல் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் தங்கம். புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டு ஜூனில் மறைந்தார். அவர் கதை "மைதான்" என்ற இந்திப் படமாக வெளிவந்தது 2024இல், 61 ஆண்டுகள் கழித்து.

ரஹீமோடு ஜமீலை ஒப்பிட இன்னும் காலம் இருக்கிறது. 'டி' உரிமத்தில் தொடங்கி 'புரோ' உரிமம் வரை பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டுப் படிக்கும் இந்தியப் பயிற்சியாளர்கள் இன்று பலர். ஜமீலை எத்தனை ஆட்டங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதை எல்லோரையும்விடக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.