'இயன்றவரை' என்றால் போதுமா?

புணேயில் 1992-இல் தேசிய எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது கூட்டு மருந்துச் சிகிச்சை இல்லை. இன்று உண்டு, ஆனால் நோய் வேரறுக்கப்படவில்லை.

காரணம், மனித மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதமாக எஞ்சியுள்ள பண்டைய ரெட்ரோ வைரஸ்களைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கும் செல்லின் பிறவித் தற்காப்பு, எச்.ஐ.வி.யிடம் தோற்கிறது. 'ஏபோபெக்-3ஜி' என்னும் காவல் புரதத்தை அழித்து, அது மரபணுவுக்குள் பதுங்குகிறது. மருந்துகள் அதை அடக்குமே தவிர அகற்றா. மருந்து நின்றால் மீண்டும் பெருகும்.

அப்படியிருக்க, 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 'இயன்றவரை' சிகிச்சை என்கிறது. மாநிலங்களவையில் அன்று எழுந்த ஆட்சேபம் நியாயமானதே. ஓயாத வைரஸுக்கு அரைகுறை வாக்குறுதி விடையாகாது. அச்சொல்லை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு தேடும் ஆய்வுக்குத் தொடர் நிதியும் வேண்டும்.