பொத்தான் தொலைபேசியும் மலையகப் பாட்டும்

மலையகத்து நாட்டார் பாடல் மறைந்து வருகின்றதென்றும், அதனை மறையச் செய்தது தொழிலாளர் கைகளிற் புகுந்த கையடக்கத் தொலைபேசியே என்றும் ஒரு கூற்று நமது கருத்தரங்குகளிலே சில காலமாக வழங்கி வருகின்றது. கூறுவோர் படித்தவர்கள், அவர்களது சட்டைப்பையிலும் தொலைபேசி உண்டு. தமக்கு அறிவுச் சாதனமாகத் தோன்றும் ஒரு பொருள், லயத்துப் பெண்ணின் கைக்குச் சென்றவுடன் பண்பாட்டுச் சீரழிவாக மாறிவிடுவது எங்ஙனம் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. இக்கூற்று வரலாற்றுக்கும் பொருந்தாது. கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றை ஒரு நாள் சுற்றிவந்தாற் புலனாகும் நடைமுறைக்கும் பொருந்தாது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகக் கேட்டறிந்த பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எனத் தொகுத்தளித்துவிட்டு 1984இல் மறைந்தார். இந்நாட்டிற் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கியது 1989இல். அது தொழிலாளர் குடும்பங்களை எட்டுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. தொகுத்துப் பேணவேண்டிய நிலைக்குப் பாடல்கள் வந்துசேர்ந்த காலத்திலே தொலைபேசியின் நிழல்கூட அங்கு விழுந்திருக்கவில்லை. திரைப்படம், வானொலி, திருவிழா ஒலிபெருக்கி, ஒலிநாடா என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையெல்லாம் கேட்போரை வேறு திசைக்கு ஈர்த்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ பாடத்தெரிந்தவர்களையே கப்பலேற்றியது. ஒப்பாரி பாடிய பாட்டி ஒரு கரையிலும் கேட்டு வளரவேண்டிய பேத்தி மறு கரையிலுமாகப் பிரிந்த பின்னர், பாட்டு மறைந்ததற்குப் பொத்தான் வைத்த சிறு கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வசதியான ஆராய்ச்சி, வேறென்ன சொல்வது!

அக்கருவி உண்மையில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதே இனி நோக்கற்பாலது. அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் நெடுஞ்சாலையிலே அமைந்தது கினிகத்தேனை. தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையை இறக்கும் முதல் மலைமுகங்களுள் இப்பகுதியும் ஒன்று; அடுத்துள்ள வட்டவளை நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் வைத்தெண்ணப்படுவது. இங்கே கொழுந்தெடுப்பவளின் இரு கைகளும் செடியின்மேல் இருக்கும். விரல்கள் நாள் முழுவதும் ஈரம். கண்ணாடி முகப்புத் தொலைபேசி ஈரவிரலுக்குச் சரிவர இசையாது. பொலித்தீன் உறையிற் சுற்றி, படங்கின் உள்மடிப்பிற் செருகிய பொத்தான் தொலைபேசியோ கண்ணாற் பாராமலே பெருவிரலின் அழுத்தத்திற்குப் பாடும். விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

வானொலியும் அதில் உண்டு. ஆயினும் பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. மலை குறுக்கிட்டால் ஒலி சிதையும். இத்தொலைபேசிகளிற் பல, காதிற் செருகும் கம்பியையே அலைவாங்கியாகக் கொள்பவை. கம்பி அறுந்தால் வானொலியும் அறுந்தது. எனவேதான் கடைவீதியிற் ‘சிப்’ எனப்படும் நினைவக அட்டை முதன்மை பெற்றது. வழக்கமான எம்.பி.3 பதிவொன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மெகாபைற் இடங்கொள்ளும். நான்கு கிகாபைற் அட்டையொன்றில் எண்ணூறு பாடல்கள் தாராளமாக அடங்கும். கடைக்காரர் ஒருமுறை ஏற்றிக்கொடுத்தாற் போதும். அதன்பின் அலைவரிசையும் வேண்டாம், இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

அக்கடைக்காரர் ஏற்றும் பாடல்களிற் பெரும்பாலானவை உரிமையாளரின் இசைவின்றிப் படியெடுக்கப்பட்டவை என்பர். மெய்தான், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. ஆனாற் சட்டத்தைக் காட்டுவோர் தாம் பயன்படுத்தும் நூற்பிரதிகளையும் ஒருகணம் நினைந்துபார்க்க.

மற்றொன்றையும் இங்குக் கூறல் வேண்டும். லக்சபானவின் நீர்மின் நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கிற்று. அதன் அயலிலுள்ள லயங்களோ அதன்பின்னும் பல பத்தாண்டுகள் குப்பிவிளக்கில் இருந்தன. அந்நாளில் வானொலி வீட்டுக்கொன்றாகக்கூட இல்லை. இருந்த இடத்திலும் அதன் திருகு ஆணின் கையில். என்ன ஒலிக்கவேண்டுமென்பது கொழும்பின் தீர்மானம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவள் தான் விரும்பிய பாட்டைத் தான் விரும்பிய வேளையிற் கேட்பதற்கு அவளுடையதென்றே ஒரு கருவி வாய்த்தது இத்தொலைபேசியினாலேயாம். இதனைச் சீரழிவு என்போர் எதனை விடுதலை என்பரோ அறியோம்.

திறன்பேசி எங்கும் வந்துவிட்ட இக்காலத்தில் இப்பழங்கருவிக்கு ஏன் வழக்காட வேண்டும் என வினவலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். இணையவழிப் பாட்டு தரவுக் கட்டணம் தீர்ந்தால் நின்றுவிடும். அது வாடகைப் பாட்டு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும் அதனைப் பெறுதற்குப் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அச்சம்பளத்தில் வாடகைக்கு இடமுண்டா என்பதையும் அறிவர். அனைத்தினும் மேலாக, பழம்பாடல்களை இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் முதியவர்களிற் பலரின் கையிலிருப்பது பொத்தான் தொலைபேசியே.

அப்படியாயின் அந்த ‘சிப்’பிலே மலையகப் பாடல் ஏன் இல்லை? சென்னையின் திரையிசை நிறைந்திருக்கின்றது. தெம்மாங்கும் கும்மியும் காமன் கூத்துப் பாடலும் அரிதாகவே கிடைக்கின்றன. கேட்போர் விரும்பாததாலன்று, கடைக்காரரின் கணினியில் அவை இல்லை. இருப்பவை ஆய்வாளர் பெட்டகங்களில் இருக்கின்றன. தோட்டத்திற்குச் சென்று, தேநீர் அருந்தி, பாடவைத்துப் பதிவுசெய்து, பட்டத்திற்கோ கட்டுரைக்கோ பயன்படுத்தியபின் அப்பதிவைப் பாடியவருக்குத் திருப்பிக் கொடுத்த ஆய்வாளர் எத்தனை பேர்? மக்களிடமிருந்து பாட்டை எடுத்துவந்து பூட்டிவைத்தவர்களே மக்கள் பாட்டை மறந்தனர் எனப் புலம்புவது கொடுமை.

மாலி நாட்டின் கிடால் நகரிலே கிறிஸ்தோபர் கேர்க்லி என்பார் மக்களின் தொலைபேசி அட்டைகளிலிருந்து திரட்டிய பாடல்கள், 2010ஐ அண்டிய ஆண்டுகளில் ‘சகாராத் தொலைபேசிகளின் இசை’ என்னும் பொருள்படும் பெயருடன் வெளிவந்தன. இணையம் அரிதான அப்பாலைவெளியிற் கலைஞர் தம் பாட்டைத் தாமே பதிவுசெய்ய, அது தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்குத் தாவிப் பரவிற்று. அங்கே மக்களிசையை வளர்த்த அதே மலிவுக் கருவி இங்கே அதனைக் கொன்றதென்பது எவ்வகை அளவையியல்?

செய்யவேண்டியதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. நீண்ட பதிவுகளைத் தனித்தனிப் பாடல்களாக வெட்டி, பாடியவரின் இசைவுபெற்று, எம்.பி.3 ஆக்கினாற் போதும். மலிவுத் தொலைபேசிகள் பலவற்றின் திரையிலே தமிழெழுத்துச் சரிவரத் தோன்றாது. ஆகவே பாடல்களுக்கு எண்ணிட்டு, இன்ன பாட்டு, இன்ன தோட்டம், பாடியவர் இன்னார் என்பதைத் தொடக்கத்திலே குரலாற் கூறிவிடல் நன்று. ஒரு பிரதி கடைக்காரரிடமும் இருக்கட்டும்.

மாசியிற் காமன் கூத்தைப் பதிவுசெய்யப் புறப்படும் மாணவர், பதிவுக் கருவியுடன் ஒரு கட்டு வெற்று அட்டைகளையும் எடுத்துச் செல்வாராக. அவர் பேருந்து ஏறுமுன், பாடியவரின் தொலைபேசியில் அவர் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும்.