வாசனைக்கு மயங்கி விதை வாங்க வேண்டாம்

கொஞ்ச நாளா நம்ம பக்கத்து இளைஞர்களின் செல்போனில் ஒரு புதுப்பயிர் ஓடிக்கிட்டிருக்கு. எலுமிச்சை வாசம் வீசும் கஞ்சா ரகங்கள், ‘இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்’, ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று வீடியோ மேல் வீடியோ. உத்தரகாண்டில் அனுமதி கொடுத்தாச்சு, நமக்கும் சீக்கிரம் வந்துரும், இப்பவே விதை வாங்கி வச்சுக்கோங்க என்று பேசுகிறார்கள். ரப்பர் விலையும் தேங்காய் விலையும் ஏறி இறங்கிக் களைத்துப்போன விவசாயியின் காதில் இது தேனாக விழுகிறது. நம் இயக்க நண்பர்கள் சிலரும் ‘பூச்சிமருந்து அதிகம் வேண்டாத பயிராமே, நமக்குச் சரிப்படுமா?’ என்று கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்ப் பயிராக அந்தச் செடிக்கு ஒரு நாள் நம் நாட்டில் இடம் கிடைக்கலாம், கிடைக்கவும் வேண்டும். ஆனால் வாசனை ரகத்தைக் காட்டி விதை விற்பவனிடம் இன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஒரு செடிகூட மண்ணில் நிற்கக் கூடாது.

பேரில் உள்ள குழப்பம்

ஹெம்ப் என்பதைப் பத்திரிகைகளில் ‘சணல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சணல் என்றால் சாக்கு தைக்கும் சணல். அது வங்காளத்துப் பயிர். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் முன்னால் வயலில் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோமே, அது சணப்பு. பயறுக் குடும்பம், மண்ணுக்குத் தழைச்சத்து தரும், நாரும் தரும். இப்போது பேசப்படும் ஹெம்ப் இந்த இரண்டும் இல்லை. அது கஞ்சாச் செடியேதான். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகக் குறைவாக உள்ள ரகங்களுக்கு ஹெம்ப் என்று பெயர். உத்தரகாண்டில் வைத்திருக்கும் வரம்பு 0.3 சதவீதம். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘சணல் விதைதானே’ என்று வாங்கிப் போட்டால், விதைத்தவன் மாட்டிக்கொள்வான்.

வாசம் எங்கிருந்து வருது

எலுமிச்சை வாசம் அந்தச் செடிக்கென்று பிறந்த அதிசயம் ஒன்றும் இல்லை. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது லிமோனீன். அதே லிமோனீன்தான் இந்தக் கஞ்சா ரகங்களிலும் முக்கியமான வாசனைப் பொருள். பெண் பூவின்மேல் இருக்கும் நுண்ணிய பிசின் சுரப்பிகளில் அது ஊறுகிறது. போதைப் பொருள் ஊறுவதும் அதே சுரப்பியில்தான். ஆகவே வாசத்துக்காக வளர்ப்பது என்றாலே பூவுக்காக வளர்ப்பது. நாருக்கும் விதைக்கும் வாசனையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. ‘தொழிற்பயிர்’ என்று சொல்லிக்கொண்டே வாசனையைப் புகழ்கிறவன் எதை விற்க வருகிறான் என்று இதிலேயே புரிந்துகொள்ளலாம்.

ஜாதிக்காய், பனை மாதிரி இதிலும் ஆண் தனி, பெண் தனி. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். சூல் கொள்ளாத பெண் பூவில்தான் பிசின் மிகுதி என்பதால் ஆண் செடியை அண்டவிடாமல் வளர்க்கிறார்கள். வாசனைப் பொருள்கள் எளிதில் ஆவியாகிப் போவதால், அறுத்த பிறகும் குளிர்ந்த, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் மெதுவாக உலர்த்த வேண்டும். ஆனியில் தென்மேற்கு மழை, ஐப்பசியில் வடகிழக்கு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் நம்ம ஊரில், நெருக்கமான பூங்கொத்தைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது லேசான காரியமில்லை. வெளிநாட்டில் இதை அறைக்குள் விளக்கு எரித்து, குளிர்சாதனம் ஓடவிட்டு வளர்க்கிறார்கள். வெயிலையும் மண்ணையும் நம்பி நடக்கும் இயற்கை விவசாயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று, பகல் நீளம். இந்தச் செடி இரவு நீளும்போது பூக்கும். ஹாலந்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேர வித்தியாசம். நாகர்கோவில் 8 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்தான் வரும். வடக்கு நாடுகளின் நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய ரகத்தை இங்கே விதைத்தால் வளரும் முன்னே பூத்து, குட்டையாக நின்றுவிடும். நாருக்குத் தேவையான உயரம் கிடைக்காது. ஐரோப்பாவின் மகசூல் கணக்கை நம்ம தோட்டத்துக்கு அப்படியே போட்டுக் காட்டும் வீடியோக்கள் இதைச் சொல்வதே இல்லை.

சட்டம் வாசம் பார்க்காது

‘போதை கம்மிதானே அண்ணாச்சி, இதுக்கு எதுக்குக் கேஸ் வருது?’ என்று ஒரு தம்பி கேட்டான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாச் செடி என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம், அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்பதுதான். நாரா, பூவா, எலுமிச்சை வாசமா, மாம்பழ வாசமா என்று அது கேட்பதில்லை. அனுமதியில்லாமல் பயிரிட்டால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பூவும் காயும் சேராத தனி இலையும் தனி விதையும் ‘கஞ்சா’ என்ற விளக்கத்துக்குள் வராது என்பது உண்மைதான். அதனால்தான் வட மாநிலங்களில் பாங் கடைகள் நடக்கின்றன. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஹெம்ப் விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக அனுமதித்தது. அந்த அனுமதி தின்பதற்கு, விதைப்பதற்கு இல்லை.

நிலம் குத்தகைக்கு விடுகிறவர்கள் 46-ஆம் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தன் நிலத்தில் இந்தச் செடி சட்டவிரோதமாக வளர்வது தெரிந்தால் நிலம் வைத்திருப்பவர் உடனே தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாவிட்டால் அவருக்கும் தண்டனை உண்டு. ‘எனக்கென்ன, வாரம் வந்தால் போதும்’ என்று மலையோரத் தோட்டத்தை முகம் தெரியாதவனுக்கு விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்க. எழுபது வயதில் கோர்ட்டு ஏறி இறங்க யாருக்குத் தெம்பு இருக்கு?

சட்டத்தில் கதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் அரசு ஆணை பிறப்பித்து அனுமதிக்கலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தமும் தொழிலுக்கான நார், விதைப் பயிரை விலக்கியே வைத்திருக்கிறது. உத்தரகாண்ட் 2018-ல் இந்தக் கதவைத் திறந்தது. அங்கே மலைக் கிராமங்களில் விதையைத் துவையலரைத்துச் சாப்பிடுவதும் நாரில் கயிறு திரிப்பதும் தலைமுறைப் பழக்கம். இமாசலப் பிரதேசம் 2025 ஜனவரியில் தன் பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜம்முவில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.எம். ஆய்வு நிறுவனம் மருந்துக்காக வேலிக்குள் வளர்த்து ஆராய்கிறது. ஒவ்வொன்றிலும் ஆணை முதலில் வந்தது, செடி பின்னால் வந்தது. இந்த வரிசையை நாம் மாற்றக் கூடாது.

விதை யாருடையது

நம் இயக்கம் அதிகம் கவலைப்பட வேண்டியது இந்த விஷயத்தில்தான். ஆம்ஸ்டர்டாம் விதைக் கம்பெனி ஒன்றின் ‘சூப்பர் லெமன் ஹேஸ்’ என்ற ரகம் 2008-லும் 2009-லும் அங்கே நடந்த கஞ்சாப் போட்டியில் பரிசு வாங்கியது. எலுமிச்சை வாசத்துக்கு உலகமெங்கும் இத்தனை விளம்பரம் கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ‘ஹேஸ்’ வம்சத்திலும், ‘ஒயிட் விடோ’ என்ற இன்னொரு பிரபல ரகத்திலும் தென்னிந்திய விதையின் கலப்பு இருப்பதாக அந்த வட்டாரத்து ஆட்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்த விதை, வெளிநாட்டுப் பெயர் சூட்டிக்கொண்டு, ஒரு விதை பல நூறு ரூபாய் என்று திரும்பி வருகிறது.

வாங்கினாலும் அது நம் கையில் நிற்காது. பெண் செடி மட்டுமே வரும்படி செய்த விதை, கலப்பின விதை என்றுதான் விற்கிறார்கள். அதிலிருந்து விதை எடுத்தால் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. ஒவ்வொரு போகத்துக்கும் மறுபடி காசு கட்டணும். ஒரே ரகப் பெயரில் விற்கும் விதைகள் மரபணுவில் ஒன்றாக இருப்பதில்லை என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்தோம். வேம்புக்கும் ஐரோப்பாவில் போராடி வென்றோம். நெல் ஜெயராமன் ஊர் ஊராக நடந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வழியில் வந்த நாம் பாக்கெட்டில் வரும் வாசனைக்கு மயங்கலாமா?

வாங்குவது யார்

வங்கியில் இருந்த காலத்தில் புதுப்பயிர் என்று கடன் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி மூன்று. சட்டம் இடம் தருதா? விதை அல்லது நாற்று உங்க கையில் நிற்குமா? விளைந்ததை வாங்குபவன் யார், அவன் ஓடிப்போனால் அடுத்தவன் யார்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தைத்தான் காட்டுவார்கள். காட்டாமணக்கிலும் ஈமுக் கோழியிலும் அந்தக் காகிதம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2003 வாக்கில் பச்சை வெனிலா கிலோ மூவாயிரம் ரூபாய் வரை போனது. ஓரிரு ஆண்டில் நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்தது. கொடியை வெட்டித் தென்னைக்கு மூடாக்குப் போட்டவர்கள் உண்டு.

ஹெம்ப்பின் கதையும் வேறில்லை. அமெரிக்கா 2018-ல் ஹெம்ப்பை வேளாண் பயிராக்கியது. அடுத்த வருஷமே 5 லட்சம் ஏக்கருக்கு மேல் உரிமம் வாங்கினார்கள். அதில் பெரும்பகுதி அறுவடைக்கே வரவில்லை, விலையும் சரிந்தது. கென்டக்கியில் விவசாயிகளிடம் கொள்முதல் செய்த பெரிய கம்பெனி 2020-ல் திவால் மனு போட்டது. டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டினால் விளைச்சலை அழிக்க வேண்டும், இல்லையேல் பக்குவப்படுத்தி வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம்மைப் போல வெப்பநாடான தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. மூன்றே வருஷத்தில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திருப்பிக் கட்டியது. முதல் போட்டவன் நடுத்தெருவில்.

இங்கே நிலை இன்னும் மோசம். மாவட்டத் தொழில்நுட்பக் குழு கடன் அளவு நிர்ணயிக்கும் பயிர்ப் பட்டியலில் இது கிடையாது. பயிர்க்கடன் இல்லை, காப்பீடு இல்லை, நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை. ஏமாந்தவன் போலீசில் புகார் கொடுக்கப் போனால் அவன்மேலேயே வழக்கு வரும்.

வாசம் வேணும்னா புல் இருக்கு

எலுமிச்சை வாசத்துக்குத்தான் சந்தை என்றால், அது எலுமிச்சைப்புல்லில் இருக்கிறது. அதன் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரல். ‘கொச்சி எண்ணெய்’ என்று ஒரு காலத்தில் உலகமெங்கும் போனது. எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951 முதல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. ‘சுகந்தி’ எனப்படும் ஓ.டி. 19 ரகம் அங்கே வந்ததுதான். நட்டு மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நாலைந்து வருஷம் நிற்கும். தூரைப் பிரித்துப் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சும்மாவே கொடுக்கலாம்.

இதையும் அதிசயப்பயிர் என்று நான் விற்க வரவில்லை. நூறு கிலோ புல்லுக்கு அரை கிலோ எண்ணெய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புல்லை வெகுதூரம் சுமந்தால் கட்டுப்படியாகாது, வடிகலம் பக்கத்திலேயே வேண்டும். செயற்கை சிட்ரல் வந்த பிறகு பழைய விலை போய்விட்டது. வரப்பிலும் சரிவிலும் பத்துப் பேர் சேர்ந்து வைத்து, ஒரு வடிகலத்தைக் கூட்டாகப் போட்டு, சோப்பும் தரை துடைக்கும் திரவமும் நாமே செய்து விற்றால் நிற்கும். நார் வேண்டும் என்றால் சணப்பு இருக்கு, தென்னை மட்டை இருக்கு.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது

நார்ப் பயிராக ஹெம்ப் வேண்டுமா என்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அரசு அனுமதியோடு, வேலிக்குள், நம் பகல் நீளத்திலும் மழையிலும் சோதித்துச் சொல்லட்டும். தென்னிந்திய நாட்டு விதைகள் பொது விதைவங்கியில் பதிவாகட்டும். கம்பெனிப் பெயரில் அடைபடக் கூடாது. நாளைக்கு அனுமதி வந்தால், டி.எச்.சி. பரிசோதனைச் செலவும் வரம்பு தாண்டிய பயிரின் நஷ்டமும் விதை விற்றவன் தலையில் விழும்படி விதி எழுத வேண்டும். இந்த மூன்றையும் மாவட்டக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுப்போம்.

அதுவரை, விதை வைத்திருக்கிறேன் என்று வீடு தேடி வருகிறவனிடம் அரசு ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்க. காட்ட முடியாதவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்க. வாசத்துக்கு ஒரு நாரத்தை இலை கிள்ளிப் போட்டால் போதும்.