உரக் கப்பலை நடுக்கடலில் நிறுத்தலாமா?

தவறான வழியில் செல்லும் ஒரு நாட்டைப் போர் தொடுக்காமல் பணிய வைப்பதற்காக உலக நாடுகள் கையாளும் முறைகளில் ஒன்று பொருளாதாரத் தடை. தடை விதிப்பது எளிது, நிறைவேற்றுவதுதான் கடினம். உலக வாணிபத்தின் பெரும்பகுதி கப்பல் வழியே நடைபெறுவதால், எந்தத் தடையும் கடைசியில் கடலுக்குத்தான் வந்து சேருகிறது. வரும் கப்பலில் இருப்பது என்ன, அது யாருக்குப் போகிறது, அதை நிறுத்துவதா விடுவதா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை காண வேண்டியிருக்கிறது.

இது அரசாங்கங்களின் விவகாரம், விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று பலரும் எண்ணலாம். ஆனால் சரக்குக் கப்பல்களில் எண்ணெயும் இயந்திரங்களும் மட்டும் வருவதில்லை. கோதுமையும் மக்காச்சோளமும் யூரியாவும் பொட்டாஷும் அவற்றில்தான் வருகின்றன. ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் இயந்திரம் இயந்திரமாகவே இருக்கும். உரம் அப்படியல்ல, பருவம் தவறி வந்த உரம் அந்தப் பருவத்துப் பயிருக்கு வராத உரமே. தடை விதிப்போர் மறந்துவிடும் உண்மை இது.

கடலில் யாருக்கு அதிகாரம்?

பொதுக் கடலில் செல்லும் கப்பல், அது எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அதிகாரத்துக்கே உட்பட்டது. 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் இதையே கூறுகிறது. கடற்கொள்ளை, அடிமை வாணிபம், எந்த நாட்டுக்கும் சேராத கப்பல் போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே பிற நாட்டுப் போர்க்கப்பல் அதில் ஏறிச் சோதனையிடலாம். ஆகவே தடையை மீறும் கப்பலை நிறுத்த வேண்டுமானால், கொடிக்குரிய நாட்டின் இசைவு வேண்டும், இல்லையேல் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் கட்டளை வேண்டும்.

பெய்ரா தந்த பாடம்

இதற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவின் ரொடீஷியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே. 1965 நவம்பர் 11-ந் தேதி அங்கிருந்த வெள்ளையர் சிறுபான்மை அரசு, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு உரிமை தராமலே தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. பிரிட்டன் எண்ணெய்த் தடை விதித்தது. ரொடீஷியாவுக்குக் கடற்கரை இல்லை. மொசாம்பிக்கிலுள்ள பெய்ரா துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் குழாய் மூலம் அங்கே சென்று வந்தது. எனவே பெய்ராவுக்கு எதிரே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காவல் நின்றன.

1966 ஏப்ரலில் ‘ஜோவன்னா வி’ என்ற எண்ணெய்க் கப்பல் வந்தபோது, அதை வலுக்கட்டாயமாகத் தடுக்கும் அதிகாரம் போர்க்கப்பலுக்கு இல்லை. அது பெய்ராவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயினும் எண்ணெயை இறக்கவில்லை. ஏப்ரல் 9-ந் தேதி பாதுகாப்புக் கவுன்சில் 221-ம் தீர்மானத்தின் மூலம், தேவையானால் பலத்தைப் பயன்படுத்தவும் பிரிட்டனுக்கு அனுமதி அளித்தது. அடுத்து வந்த ‘மனுவேலா’ திருப்பி அனுப்பப்பட்டது. மொசாம்பிக் விடுதலை பெற்ற 1975 ஜூன் வரை இந்தக் காவல் நீடித்தது. 76 போர்க்கப்பல்கள் மாறி மாறிப் பணியாற்றின. நிறுத்தப்பட்ட 47 கப்பல்களில் 42 மேலே செல்ல அனுமதிக்கப்பட்டன.

பலன் என்ன? பெய்ரா வழியாக எண்ணெய் போகவில்லை என்பது உண்மையே. ஆனால் தென்னாப்பிரிக்கா வழியாகவும், மொசாம்பிக்கின் மற்றொரு துறைமுகமான லோரன்சோ மார்க்கஸ் வழியாகவும் எண்ணெய் தாராளமாகச் சென்றது. பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு இருந்ததை 1978-ல் வெளியான பிங்காம் அறிக்கை எடுத்துக் காட்டியது. ஒரு மடையை அடைத்துவிட்டுப் பக்கத்து மடையைத் திறந்து வைத்தால் வயலில் தண்ணீர் நிற்காமல் போகுமா?

அந்த நாட்டு விளைபொருளும் தப்பவில்லை. 1966 டிசம்பரில் பாதுகாப்புக் கவுன்சில் விதித்த கட்டாயத் தடையில் புகையிலை, சர்க்கரை, இறைச்சி ஆகியவை இடம் பெற்றன. ரொடீஷியாவின் முதன்மை ஏற்றுமதி புகையிலை. சந்தை இழந்த புகையிலையை அரசு வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியது. இடைத்தரகர்கள் மூலம் குறைந்த விலைக்கு மறைமுகமாக விற்றது. விவசாயிகள் மக்காச்சோளம், பருத்தி, கால்நடை என்று மாறினர். எண்ணெய்க்கு வேறு வழி கிடைத்தது. புகையிலைக்கு அத்தனை எளிதாகக் கிடைக்கவில்லை. தடையின் பாரம் எங்கே போய் விழும் என்பதற்கு இது ஒரு சான்று.

அகாபாவில் கண்ட மாற்றம்

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. பாதுகாப்புக் கவுன்சில் 661-ம் தீர்மானத்தால் தடை விதித்து, 665-ம் தீர்மானத்தால் கப்பல்களை நிறுத்திச் சோதிக்கக் கடற்படைகளுக்கு அதிகாரம் அளித்தது. ஜோர்டானின் ஒரே துறைமுகமான அகாபாவில் இறங்கும் சரக்கு லாரிகளில் ஈராக் சென்றுவிடக் கூடும் என்பதால், அகாபா நோக்கி வந்த கப்பல்கள் செங்கடலில் நிறுத்தப்பட்டன.

நடுக்கடலில் சோதனை என்பது சொல்வது போல் எளிதல்ல. பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிய கப்பலில் அடியில் உள்ள பெட்டியைத் திறக்கவே முடியாது. அப்படிப்பட்ட கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கப்பல் காத்து நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அது சரக்கின் விலையில் சேரும். தடை ஈராக்குக்கு, நஷ்டம் ஜோர்டானுக்கும் வந்தது. ஜோர்டான் இடைவிடாமல் முறையிட்டதன் பயனாக 1994-ல் முறை மாற்றப்பட்டது. ‘லாயிட்ஸ் ரிஜிஸ்டர்’ என்ற கப்பல் ஆய்வு நிறுவனம் அகாபா துறைமுகத்திலேயே, கரையில் வைத்துச் சரக்கைச் சோதித்தது. கடலில் மறிப்பது அங்கே நின்றது. தடை தொடர்ந்தது, தாமதம் குறைந்தது. கண்டிப்பும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இது காட்டியது.

பருவம் தவறிய உரம்

இனி அண்மைக்கால நிகழ்ச்சி. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின் மேலை நாடுகள் ரஷ்யா மீது பல தடைகளை விதித்தன. இவை ஐ.நா. தடைகள் அல்ல. உணவுக்கும் உரத்துக்கும் தடை இல்லை என்றே அறிவிக்கப்பட்டது. ஆயினும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் தரவும், பணத்தைக் கைமாற்றவும் கம்பெனிகளும் பாங்குகளும் அஞ்சின. உர நிறுவனத்தோடு தொடர்புடைய செல்வந்தரின் பெயர் தடைப் பட்டியலில் இருந்தால், உரமும் அசையாமல் நின்றது. கடலில் எந்தப் போர்க்கப்பலும் மறிக்கவில்லை. கப்பல் புறப்படவே இல்லை.

இவ்வாறு ஐரோப்பியத் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் தேங்கிய உரத்தில் 2,60,000 டன்னை ஒரு ரஷ்ய நிறுவனம் ஏழை நாடுகளுக்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தது. ஐ.நா. உலக உணவுத் திட்டம் அமர்த்திய கப்பல், 20,000 டன் கூட்டு உரத்துடன் 2022 நவம்பர் 29-ந் தேதி நெதர்லாந்திலிருந்து புறப்பட்டது. சேர வேண்டிய இடம் கடற்கரை இல்லாத மலாவி. இறங்கிய துறைமுகம், முன்பு எண்ணெய்க் கப்பல்கள் மறிக்கப்பட்ட அதே பெய்ரா.

மலாவியில் மக்காச்சோளமே சோறு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை தொடங்கியதும் விதைப்பார்கள். அப்போதே அடியுரம் இட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் மேலுரம். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. உரம் மலாவி அரசிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டது 2023 மார்ச்சில். கதிர் முற்றிக்கொண்டிருக்கும் வேளையில் அடியுரம் வந்தது! 20,000 டன் என்பது 50 கிலோ மூட்டையில் நான்கு லட்சம் மூட்டை. அடுத்த பருவத்துக்கு அது உதவும் என்பது உண்மையே. ஆனால் போன பருவத்தில் குறைந்த விளைச்சலை யார் ஈடு செய்வது? உணவு, உர வாணிபத்தில் முக்கிய பங்குள்ளவர்களின் முடக்கப்பட்ட பணத்தை விடுவிக்க ஐரோப்பிய யூனியன் வழி செய்ததே 2022 டிசம்பரில்தான்.

அதிகாரிகளின் அச்சம்

சோதனை செய்வோர் தரப்பிலும் நியாயம் உண்டு. அம்மோனியம் நைட்ரேட் உரமாகவும் பயன்படும், வெடிமருந்தாகவும் பயன்படும். ஒரு கப்பலிலிருந்து இறக்கிப் பல ஆண்டுகள் கிடங்கில் போட்டு வைத்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அழித்ததை உலகம் கண்டது. உர விற்பனைப் பணம் கொடுங்கோல் அரசுக்குப் போகிறது என்ற வாதமும் உண்டு. பெலாரஸ் நாட்டுப் பொட்டாஷ் மீது நேரடியாகவே தடை விதிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. ஆனால் பொட்டாஷ் வெடிப்பதில்லை. எந்த உரம் ஆபத்தானது, எது அல்ல என்பது ரசாயனம் அறிந்தவர்களுக்குச் சில மணி நேர வேலை. எல்லா உரத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பது கண்டிப்பு ஆகாது, அறியாமையே ஆகும்.

இந்தியாவும் பொட்டாஷ் தேவைக்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. 2022-ல் ஒரு மூட்டை 1,700 ரூபாய் வரை விற்றதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. அதை எரிக்காமல் மாட்டுக்கும் எருக்குழிக்கும் அனுப்பி, மண்ணாய்வுப்படி உரமிடுவோர் இத்தகைய அதிர்ச்சியை ஓரளவு தாங்கலாம். ஆனால் கடல் கடந்த முடிவுகளுக்கு இது முழு மருந்தாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உணவு, உரம், விதை ஏற்றும் கப்பல்களைச் சரக்கு ஏற்றும் துறைமுகத்திலேயே நடுநிலையான ஆய்வாளர் சோதித்து முத்திரையிட வேண்டும். முத்திரை கலையாத கப்பலை வழியில் மறிக்கக் கூடாது.

இரண்டாவதாக, விலக்கு என்று அறிவிக்கும்போதே அதற்குரிய பாங்கு வழியையும் இன்ஷூரன்ஸையும் தடை விதிக்கும் அரசுகளே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, அனுமதி மனுக்களுக்கு நாள் வரையறை வேண்டும். அந்த நாள், பெறும் நாட்டின் விதைப்புக் காலத்தைப் பார்த்துக் குறிக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, ஓர் உரத்தையே தடை செய்ய நேர்ந்தால் அதை வெளிப்படையாக அறிவித்து, அதை நம்பியிருந்த ஏழை நாடுகளுக்கு மாற்று வரவைத் தேடித் தர வேண்டும்.

தடை வேண்டுமா, வேண்டாமா என்பதை அரசாங்கங்கள் முடிவு செய்யட்டும். ஆனால் அதை நிறைவேற்றும் மேசையில் கடற்படை அதிகாரியும் வழக்கறிஞரும் மட்டும் அமர்ந்தால் போதாது. விதைக்கும் மாதம் எது, அடியுரம் இடும் வாரம் எது என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் அங்கே இருக்க வேண்டும்.